வெட்டுவது நான், எடுப்பது அண்ணன்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கடையில் தராசைப் பார்ப்பதற்கு முன்னால் கடைக்காரரின் கையைப் பார்ப்பேன். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்பேன். என் வீட்டுக்காரர் ஃபோனில் "தூங்கிட்டேன்மா" என்றால், அப்ப பேசறது யாரு என்று கேட்பேன். தொழிலும் எனக்கு அப்படி வாய்த்துவிட்டது. பல் செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. வைக்கப் போகிற பல்லைப் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருத்த எங்களிடம் பதினாறு ஷேடு இருக்கிறது. மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. எனக்கு ஆள் வாயைத் திறந்தாலே எது முளைத்தது, எது வைத்தது என்று தெரிந்துவிடும்.

அதனால், அப்பாவின் ஜீப்புக்கு விலை சொல்லும் வேலையை அண்ணன் என் தலையில் கட்டியபோது, இதில் என்ன உள்குத்து என்றுதான் முதலில் யோசித்தேன்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கீழ் வீடு அண்ணனுக்கு, மாடி எனக்கு என்று அவரே எழுதி வைத்துவிட்டார். மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு நான் வேறு இடத்தில் இருக்கிறேன். பீரோ, கட்டில், அண்டா எல்லாம் சண்டை இல்லாமல் பிரிந்தன. மிஞ்சியது ஷெட்டில் நின்ற ஜீப் ஒன்றுதான். நாற்பத்தெட்டு வருஷத்து வண்டி. கான்வாஸ் கூரை, முன்னால் மடக்கிச் சாய்க்கிற கண்ணாடி, கியருக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாக இன்னும் இரண்டு லிவர். அந்த லிவரைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, பாறை, செங்குத்து என்று எதையும் பார்க்காது. அப்பா அதை ஏலத்தில் எடுத்தவர். அதற்கு என்ன விலை என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நடுவில் அறுத்துப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சின்ன வயதில் ஒற்றைப் பொருளாக எது வந்தாலும் அப்பா எங்களிடம் விட்டுவிடுவார். ஒருத்தர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுகிற வேலை எப்போதும் எனக்கு. கேக்கை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டுவேன். அண்ணன் கைக்கு வந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விடுவான். போன பிறகு, அவன் எடுத்ததுதான் பெரியது என்று எனக்குத் தோன்றும்.

"அதே மாதிரி இதையும் முடிச்சிடலாம் பாப்பா," என்றான் அண்ணன், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு நாற்பத்தைந்து வயது. அவனுக்கு இன்னும் நான் பாப்பாதான். "நீ ஒரு விலை சொல்லு. அந்த விலைக்கு நான் எடுத்துக்கறேன், இல்ல உன்னையே எடுத்துக்கச் சொல்றேன். யாரு எடுக்கறாங்களோ அவங்க இன்னொருத்தருக்குப் பாதி குடுத்திடணும்."

"நீ விலை சொல்லேன். நான் எடுக்கறேனா விடறேனான்னு சொல்றேன்."

"எனக்கு எங்க தெரியும் அதெல்லாம்? நீதான் நாலு இடத்துல விசாரிப்ப."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். குறைத்துச் சொன்னால் அவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். கூட்டிச் சொன்னால் என் தலையில் கட்டிவிடுவான். இதில் கை ஓங்கி இருப்பது எடுக்கிறவனுக்கா, விலை சொல்கிறவளுக்கா? வண்டியின் உண்மையான மதிப்பு தெரிந்தவன்தான் இப்படி உட்கார்ந்துகொண்டு நீயே சொல்லு என்பான்.

"எதுக்கு உனக்கு இது?" என்று கேட்டேன்.

"மலைமேல டவர் கட்டறாங்க இல்ல, அங்க சாமான் ஏத்தற வேலை கேட்டிருக்கேன். அந்தப் பாதையில வேற வண்டி ஏறாது."

அண்ணன் பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியில் பஸ் ஓட்டியவன். போன வருஷம் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டது. ஐம்பதை நெருங்குகிற வயதில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். டவர் வேலை நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணி அந்த நேரம் பார்த்து எழுந்து உள்ளே போனது எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விலை சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

வாசலைத் தாண்டியதும் எதிர்க்கடை அம்மா கூப்பிட்டார்கள். நோட்டுப் புத்தகம், பேனா, ரீசார்ஜ் எல்லாம் விற்கும் கடை. அதற்கு மேல் ஊர்ச் செய்தி இலவசம்.

"ஜீப்பை விக்கறீங்களாம்மா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பெரிய கார் ஒண்ணு ரெண்டு தரம் வந்து நின்னுச்சு. வெள்ளை ஷூ போட்ட ஆளு. ஷெட்டுக்குள்ள போயி ஜீப்பைச் சுத்திச் சுத்தி ஃபோட்டோ எடுத்தாரு. உங்க அண்ணன் கூடவே நின்னு பேசினாரு."

அண்ணன் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டவராம், மலையாம், சாமானாம். என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான். பழைய வண்டிகளை வாங்கி அழகுக்கு நிறுத்துகிற பணக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அப்படி ஒருத்தனைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கச்சி வாயிலிருந்து ஒரு மலிவு விலையைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அடுத்த நாளே காந்தத்தைப் போய்ப் பார்த்தேன். காந்தம் என்பது அவருடைய பட்டப்பெயர். இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக விபத்து வண்டிகளை மதிப்பிட்டுக் கொடுப்பவர். சட்டைப் பையில் நூல் கட்டிய சின்னக் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். இரும்புத் தகடு என்றால் ஒட்டும். நசுங்கிய இடத்தில் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாமல் விழும். அவர் மனைவிக்குப் பல் செட் செய்து கொடுத்தவள் நான் என்பதால் மறுக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளாகப் பார்த்து, என்னிடம் இருந்த சாவியால் ஷெட்டைத் திறந்தேன்.

காந்தம் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. குனிந்து பெடல்களின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். கிளட்ச் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"மீட்டர் கம்மியாக் காட்டுது. அது ஒரு சுத்து முடிச்சு மறுபடி ஆரம்பிச்சிருக்கு," என்றார். "நிறைய ஓடின வண்டிம்மா. பரவால்ல, ஓடறதுக்குத்தானே வண்டி."

"இடது மட்கார்டைப் பாருங்க. மத்த பச்சையைவிட அரை ஷேடு மஞ்சளா இருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் நூலில் தொங்கியது. "உங்க கண்ணு பொல்லாத கண்ணும்மா," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அடியில் சாக்கு விரித்துப் படுத்து, வண்டியைத் தாங்குகிற சேஸிஸின் இரண்டு பக்க இரும்புச் சட்டங்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். மேல்துரு இருக்கிறது, உள்ளே அரிக்கவில்லை என்றார். என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் துணியால் துடைத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. அது பெரிய விஷயம் என்றார். கடைசியில்தான் பானெட்டைத் தூக்கினார். உள்ளே குனிந்து ஒவ்வொரு போல்ட்டாக விரலால் தடவினார்.

"யாரும்மா இதைத் திறந்தது?"

"ஏன்?"

"போல்ட் தலை எல்லாத்துலயும் புதுசா ஸ்பேனர் பட்டிருக்கு. ஆயில் பாருங்க, தேன் மாதிரி இருக்கு. ரிங் மாத்தி, கேஸ்கட் மாத்தி, உள்ள மொத்தமும் வேலை பாத்திருக்காங்க. ரொம்ப நாள் ஆகல." சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. "செலவு பண்ணித்தான் செஞ்சிருக்காங்க."

எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. வெள்ளை ஷூ வருகிறது, ஃபோட்டோ எடுக்கிறது, என்ஜின் ரகசியமாகப் புதுசாகிறது. வேலையில்லாதவன் கைக்காசைப் போட்டு என்ஜின் செய்வது சும்மாவா?

"என்ன விலை போகும்?" என்றேன்.

"இதுக்கு ரெண்டு விலை இருக்கும்மா. ஓட்டிப் பொழைக்கறவனுக்கு ஆறு லட்சம். ஆறரைக்கு மேல ஒரு காசு குடுக்கக்கூடாது, குடுத்தா வட்டிக்கு உழைச்சே சாவான். நிறுத்தி வச்சு அழகு பாக்கறவன் எட்டு, ஒம்போதுகூடக் குடுப்பான். ஆனா அந்த மாதிரி ஆளு தானா வந்து மாட்டணும்."

"மாட்டியிருக்கான். பத்துன்னு சொல்லப் போறேன்."

"பத்தா?" காந்தத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "உங்க அண்ணன் 'சரி, நீயே வச்சுக்கோ'ன்னுட்டா? அஞ்சு லட்சத்தை அவர் கையில குடுத்துட்டு, தினமும் இதை ஓட்டிக்கிட்டுத்தான் நீங்க லேபுக்குப் போகணும்."

"சொல்லமாட்டான். அவன்கிட்ட ஆளு இருக்கு."

"எனக்கென்னமோ நியாயமா ஆறுன்னு சொல்லிடறது நல்லதுன்னு படுது," என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு ஜீப் வேண்டாம், பணத்துக்கும் நான் அலையவில்லை. என்னை ஒருத்தன் ஏமாற்றிவிட்டு உள்ளுக்குள் சிரிக்கக்கூடாது, அதுவும் கூடப் பிறந்தவன். அது ஒன்றுதான் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். அண்ணன் மேஜையைத் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தான். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு பாப்பா."

"பத்து லட்சம்."

அண்ணியின் கை நின்றது. அண்ணன் என் முகத்தையே பார்த்தான். நானும் விடாமல் பார்த்தேன். யார் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறார்கள் பார்ப்போம் என்றிருந்தது எனக்கு.

"நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்."

"தெரிஞ்ச ஆளை வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

இரண்டுமே உண்மை. அவன் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன், கேட்காததற்கு இல்லை.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் ஷெட்டின் கதவு தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்தான். "சரி. நான் எடுத்துக்கறேன். ஒரு வாரம் டைம் குடு, உன் அஞ்சைக் குடுத்திடறேன்."

எனக்கு உள்ளே ஒரு துள்ளல். பார்த்தீர்களா, கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு எடுக்கிறான் என்றால் வெள்ளை ஷூ பதினைந்தாவது சொல்லியிருக்கும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்க அண்ணன் அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆளா?" என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு எல்லோரும் நல்லவங்கதான் என்று அவர் வாயை அடைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணி லேபுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. என் கையெல்லாம் பிளாஸ்டர் மாவு. வரிசையாகத் தாடை அச்சுகள் அடுக்கிய மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பற்களைப் பார்க்காமல் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வந்தேன்னு அவர்கிட்ட சொல்லாத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வண்டி நிஜமாவே பத்து பெறுமா?"

"ஏன் அண்ணி, அண்ணன்தானே எடுத்துக்கறேன்னு சொன்னான்?"

"சொன்னாரு. கம்பெனி குடுத்ததுல மிச்சம் இருக்கறது அஞ்சேகால். அதை அப்படியே எடுத்து உனக்குக் குடுக்கறாரு. வர ஒண்ணாம் தேதி வண்டியோட டவர் வேலைக்கு நிக்கணும், இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும். டீசல் போடக்கூட வேற யார்கிட்டயாவதுதான் கேக்கணும். நான் ராத்திரியெல்லாம் தூங்கல. கேட்டா சிரிக்கறாரு. 'என் தங்கச்சி ஒரு குண்டூசி வாங்கறதுக்கு நாலு கடை ஏறுவா. அவ பத்துன்னா அது பத்துதான். வேலை போனாலும் வித்துக்கலாம், போட்ட காசு எங்கயும் போகாது'ங்கறாரு."

"அந்த வெள்ளை ஷூ ஆளு?"

"எந்த ஆளு? ஓ, அவனா. புதுசா ஒரு ஹோட்டல் கட்டறானாம். வாசல்ல நிறுத்தணுமாம். சக்கரத்தைக் கழட்டிட்டு உள்ள பூச்செடி வப்பானாம். இவருக்கு எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. விலைகூடக் கேக்கல, அனுப்பிட்டாரு. மறுபடி வந்தான், மறுபடி அனுப்பினாரு."

"என்ஜின்?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. பிறகு அவளே தொடர்ந்தாள். "எண்பதாயிரம் அதுல போச்சு. மாமா படுத்திருக்கும்போதே ஆரம்பிச்சாரு. வேலை போன பிறகு முழு நேரமும் அதேதான். ஒவ்வொரு சாமானா வாங்கி, தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிட்டு வச்சு மாட்டினாரு."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா அதைக் கழிச்சுத்தானே விலை சொல்லியிருப்பேன்."

"சொன்னா நீ பில்லு கேப்ப. அவர்கிட்ட பில்லு இல்ல."

சிரிப்பாகச் சொன்னதுதான். அவள் சிரிக்கவும் செய்தாள். எனக்கு அப்படியே அந்த மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவன் செய்த என்ஜினுக்கு அவனிடமே நான் பாதி விலை வாங்கப் போகிறேன். அதுவும் இல்லாத விலைக்கு.

"சொல்லு, பெறுமா?" என்றாள் மறுபடி.

பெறாது என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னால், ஏன் சொன்னாய் என்று கேட்பாள். உன் புருஷன் திருடன் என்று நினைத்தேன் அண்ணி என்று எப்படிச் சொல்வது? "நாளைக்குச் சாயங்காலம் வரேன், அண்ணன்கிட்டயே பேசறேன்," என்றேன். அவள் போன பிறகு ஒரு அச்சைக் கீழே போட்டு உடைத்தேன். முதலாளி என்னம்மா என்று எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன்.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தது. நேராகப் போய் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்தாவது விலையைக் குறைத்திருக்கலாம். எனக்கு அந்த வழி தெரியவில்லை. உண்மை வெளியே வரக்கூடாது, விலை மட்டும் இறங்க வேண்டும். சுற்றிச் சுற்றி யோசித்து ஒரு பொய்யைப் பிடித்தேன். சேஸிஸில் விரிசல். காந்தம் இப்போதுதான் சொன்னார், அதனால் பத்து பெறாது, ஆறுதான். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டுவான், மிச்சப் பணம் அவன் கையில் நிற்கும், என் மானமும் நிற்கும். எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். சந்தேகப்படத் தெரிந்தவளுக்குப் பொய் சொல்லத் தெரிய வேண்டும் என்று இல்லை, அது அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு ஷெட்டுக்குப் போனபோது, அண்ணன் ஜீப்பின் பின்பக்க சீட்டுகளைக் கழற்றிச் சாமான் ஏற்ற இடம் செய்துகொண்டிருந்தான். அண்ணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"அண்ணா, அந்த விலை சரியில்ல. அதை விட்டுடலாம். புதுசாப் பேசிக்கலாம்."

"ஏன்?"

"சேஸிஸ்ல விரிசல் இருக்காம். பாத்த ஆளு இப்பதான் சொன்னாரு. பத்தெல்லாம் பெறாது, ஆறுதான் பெறும்."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. செங்குத்து ஏற்றத்தில் பாரம் ஏற்றப் போகிறவனுக்கு சேஸிஸ் விரிசல் என்றால் உயிர் போகிற சமாச்சாரம். டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். டங், டங் என்று தட்டும் சத்தம் முன்னாலிருந்து பின்னால் வந்தது. பிறகு மறுபக்கம் போயிற்று. கால்மணி நேரம். எனக்கு ஒவ்வொரு தட்டும் மண்டையில் விழுந்தது.

"எந்த இடம்னு சொன்னாரு?" அடியிலிருந்தே கேட்டான்.

"பின்னாடி. இடது பக்கம்."

மறுபடி தட்டினான். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டிப் பார்த்தான். பிறகு வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அங்க ஒண்ணும் இல்ல பாப்பா. எங்கயும் இல்ல."

நான் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

"எதிர்க்கடை அம்மா சொன்னாங்க. நாங்க இல்லாதப்ப ஆளைக் கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரம் பாத்தீங்களாம். பாக்கட்டும், பாத்தாத்தானே விலை சொல்ல முடியும்னு நான் எதுவும் கேக்கல. அன்னிக்குத் தெரியாத விரிசல் இன்னிக்கு எப்படி வந்துச்சு?"

"அது வந்து..."

"உன்கிட்ட யாரு வந்தாங்க?"

"யாரும் வரல அண்ணா."

"அந்த ஹோட்டல்காரனா? என்கிட்ட ஆகலன்னதும் உன்னைப் பிடிச்சானா? எவ்வளவு தரேன்னான்?"

அப்போதுதான் உடைந்தேன். எதிர்க்கடை அம்மா சொன்னது, என்ஜினைப் பார்த்தது, அவன் ஆளை ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தது, காந்தம் ஆறு என்று சொல்லியும் நான் பத்து என்று சொன்னது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி லேபுக்கு வந்ததை மட்டும் சொல்லவில்லை, சொல்லாதே என்று கேட்டிருந்தாளே. ஆனால் அதை விட்டுவிட்டதால் நான் ஏன் திடீரென்று மனம் மாறினேன் என்பதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. அழுகை வேறு வந்துவிட்டது. "உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு அண்ணா. ஆறுகூட வேணாம். என்ஜின் செலவு உன்னோடது, அதைக் கழிச்சுக்கோ. ரெண்டரை குடு போதும். அதுவும் மெதுவாக் குடு."

அண்ணன் முழுவதையும் நின்றபடியே கேட்டான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பத்துன்ன," என்றான். "இப்ப வந்து விரிசல்ன. விரிசல் இல்லன்னதும், உன்னைத் திருடன்னு நினைச்சேன்ங்கற. விலை வேற இறங்கிக்கிட்டே போகுது. இதுல எதை நான் நம்பணும்?"

"கடைசியாச் சொன்னதுதான் நிஜம்."

"முதல்ல சொன்னப்பவும் அப்படித்தானே என் முகத்தைப் பாத்துச் சொன்ன?"

அண்ணி மடித்த துணியோடு வாசற்படியில் நின்றாள். "அவதான் குறைக்கறாளே, குடுத்துட்டுப் போங்களேன்," என்றாள் மெதுவாக.

"நீ சும்மா இரு. தானா யாராவது விலையைக் குறைப்பாங்களா? அதுவும் இவளா?" என்னைப் பார்க்காமல் அண்ணியிடம் சொன்னான். "பேச்சை விட்டுட்டுப் புதுசாப் பேசலாம்னுதான் வந்த உடனே ஆரம்பிச்சா. இவளுக்கு இந்தப் பேச்சு முறியணும். இன்னிக்கு ரெண்டரை வாங்கிட்டு, நாளைக்கு அந்த விலை செல்லாது, எனக்கும் பாதி இருக்குன்னு வந்து நிப்பா. அதுக்குள்ள ஒண்ணாம் தேதி போயிடும்."

"அண்ணி, நீங்க சொல்லுங்க," என்றேன். அண்ணி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு லேபிலேயே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் உள்ளே போய் வந்தான். ஒரு கையில் பாங்கு உறை, மற்றொரு கையில் கோடு போட்ட காகிதம். முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறான். உறையை என் மடியில் வைத்தான்.

"பத்துல பாதி. பேசினது பேசினபடி. எழுதிக் குடு."

"இந்தப் பணம் எனக்கு வேணாம் அண்ணா. டீசலுக்கு என்ன பண்ணுவ?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ எழுது. வண்டியில இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லன்னு எழுது. பின்னால கேக்கமாட்டேன்னு எழுது."

இத்தனை வருஷத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு இருந்ததில்லை. மாடி வாடகையை அவன்தான் வாங்கி எனக்கு அனுப்புவான். கணக்குக் கேட்டதெல்லாம் நான், அவன் கேட்டதே இல்லை. எழுதினேன். வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ஒரு இடத்தில் 'ஜீப்' என்று மட்டும் இருந்ததைக் காட்டி, பதிவு நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் போடச் சொன்னான். போட்டேன். எதிர்க்கடை அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வர அண்ணியை அனுப்பினான். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆவலாக வந்து நின்றார்கள்.

நான் கையெழுத்துப் போடக் குனிந்தேன். கண்ணீர் காகிதத்தில் விழாமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் இரண்டடி பின்னால் போய், சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து வீடியோவை ஓடவிட்டான்.

"முகம் தெரியற மாதிரி கொஞ்சம் நிமிரு," என்றான்.